பசை காயுற வரைக்கும்

ஆடாத, ஆடாத. கண்ண மூடு. ஆங், அப்படியே இரு. நான் தோளத் தட்டுற வரைக்கும் தொறக்கக் கூடாது, சரியா? கையால காட்டினேன்ல, அதேதான். யா, யா. சமத்து.

நான் பேசறது ஒண்ணும் உனக்குப் புரியாதுன்னு தெரியும். பரவால்ல. வாய் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் கையும் ஓடும். மாவு பெசஞ்சாலும் அப்படித்தான், மாடு கறந்தாலும் அப்படித்தான். மாடும் இப்படித்தான் என் பேச்சுக்குத் தலைய ஆட்டிக்கிட்டே நிக்கும். நீ ஆட்டக் கூடாது. ஆட்டினா இந்த ஒட்டு இமைமுடி கோணலா ஒட்டிக்கும், அப்புறம் கல்யாண வீடியோ பூரா ஒத்தக் கண்ணால சந்தேகமாப் பாக்குற மாதிரி இருப்ப.

எவ்வளவு மெல்லிசா இருக்கு பாரு. பாக்க முடியாதுல்ல, சரி, தொட்டுப் பாரு. ஊதினா பறந்துடும். பிரீமியம்னா சும்மாவா? சந்தையில அட்டையில பத்து ஜோடி தொங்குமே, அது வேற. அத ஒட்டிக்கிட்டா கண்ணு மேல ரெண்டு பூரான் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். இதுக்கு அளவு பாக்கணும், வெளி ஓரத்துல மட்டும் கத்தரிக்கணும், விரல்ல சுத்தி வளைக்கணும், பசை தடவி முப்பது எண்ணணும். எண்ணாம வச்சா வழுக்கிக்கிட்டு கன்னத்துக்கு வந்துடும். எல்லாம் பெட்டிக்குள்ள ஒரு காகிதத்துல போட்டிருக்கு, ஒங்க பாஷையில, படத்தோட. சரக்கே ஒங்க நாட்டுலேருந்துதான் வருதாம்.

இருபத்தெட்டு, இருபத்தொம்போது... வச்சாச்சு. நடுவுல மொதல்ல. இப்ப மூக்கோரம். ம்ம். கூசுதா? கூசும், கூசும்.

அண்ணன் பார்த்தா அசந்துடுவாரு போ.

அண்ணனாம் அண்ணன்! கதவு சாத்தியிருக்கு, உள்ள நீயும் நானும்தான். இங்க எதுக்கு நாடகம்? நெஜாத் எனக்கு அண்ணன் இல்ல, ஹைக்கே. என் புருஷன்.

பாரு, சிரிக்கிற. உன் பேரும் அவர் பேரும் காதுல விழுந்ததும் சிரிப்பு வந்துடுச்சு. யா, யா. குட், குட். இந்த வீட்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, லும்னியேவுக்கு ஜெர்மன்ல தெரிஞ்சது யா, நைன், குட், மூணே வார்த்தைன்னு.

எங்க ஊர்ல இது ஒண்ணும் அதிசயமில்ல, தெரிஞ்சுக்க. மேல்தெருவுல ரெண்டு வீடு, பாலத்துக்கு அந்தாண்ட ஒரு வீடு, இதே கதைதான். பொண்டாட்டியக் காகிதத்துல விட்டுடறது, ஜெர்மனியில ஒருத்தியக் காகிதத்துல கட்டிக்கிறது. மூணு வருஷம் போனா அங்கேயே இருந்துக்கலாம்னு சீட்டுக் குடுப்பாங்க. அப்புறம் அவள விட்டுட்டு இவளத் திரும்பக் கட்டிக் கூட்டிட்டுப் போறது. பாதிப் பேரு கூட்டிட்டும் போயிருக்காங்க. மீதிப் பாதியப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

தாஃபினாவுக்கு ஒரு வயசு அப்ப. கோர்ட்டுல நீதிபதியம்மா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டுக் கேட்டாங்க, ஏம்மா பிரியறீங்கன்னு. ஒத்துப்போகலங்கன்னேன், அவரு சொல்லிக் குடுத்தபடி. அந்தம்மா என் மொகத்தப் பாக்கல, கையத்தான் பார்த்தாங்க. நான் பழக்கதோஷத்துல அவரு கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்! வெளிய வந்ததும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. ஒரே கார்ல வீட்டுக்கு வந்தோம். ராத்திரி சாப்பாட்டுக்கு மிளகாய் அடைச்சு வச்சேன், அவருக்குப் புடிக்கும்னு.

மூணு வருஷம்னாரு. இதோ நாலு முடிஞ்சுது. வருஷா வருஷம் ஆகஸ்ட்டுல தனியா வருவாரு, இன்னும் கொஞ்ச நாள்தாம்பாரு. இந்தத் தடவ அவரு தம்பி பெஸ்னிக்குக்குக் கல்யாணம். கெளம்புறதுக்கு மொத நாள் அத்தைக்குப் போன் பண்ணியிருக்காரு, ஹைக்கேவும் கூட வர்றா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, லும்னியே என் தங்கச்சி, புருஷன் செத்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்னு. என் புருஷன் என் புருஷன அடக்கம் பண்ணிட்டு வந்து நிக்கிறாரு பாரு! நான் சிரிச்சுட்டேன். அத்தைதான் தொடையில கிள்ளினாங்க, புருஷன் செத்தவ சிரிக்காதடின்னு.

ஆனா நல்ல சேதியும் கொண்டு வந்தாரு. வந்த அன்னிக்கே மாட்டுக் கொட்டாயில என்னத் தனியாக் கூப்பிட்டு, திங்கக்கெழம நோட்டரிகிட்ட ஒரு கையெழுத்து போடணும், ஒன் விசாவுக்கு, அதோட கதை முடிஞ்சுது, அடுத்த வருஷம் நீயும் புள்ளையும் அங்கதான்னாரு. நாலு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தானே உக்காந்திருந்தேன்? தலைய ஆட்டிட்டேன். இந்தப் பத்து நாளும் தங்கச்சியா இருந்துட்டுப் போறேன், என்ன இப்பன்னு இருந்துட்டேன்.

ஒரு கண்ணு ஆச்சு. தொறக்காத! நைன், நைன். ரெண்டும் சேர்ந்து காயணும். இந்தா, கைய மடியில வச்சுக்க.

அந்த ஹால் சுவத்துல கடிகாரம் இருக்கே, அங்க எங்க கல்யாண போட்டோ இருந்துச்சு. நீங்க வர்ற அன்னிக்கு அது எறங்கி மாவு மூட்டைக்குப் பின்னாடி போச்சு. போட்டோ இருந்த எடம் மட்டும் வெள்ளையா சதுரமா பளிச்சுன்னு தெரியுது. அத்தை அவசரமா கடிகாரத்த மாட்டினாங்க. பெரிய சதுரத்துக்குள்ள சின்னக் கடிகாரம். நீ நேத்து காபி குடிச்சுக்கிட்டே அதையே பாத்துக்கிட்டிருந்த. அத்தை உடனே, ஜெர்மன்காரங்க மணி பாக்காம காபி குடிக்க மாட்டாங்கன்னாங்க.

ஊரு பூரா தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. கடைக்காரி ஷுக்ரியே இருக்காளே, நான் ரொட்டி வாங்கப் போனா சத்தமாக் கேக்குறா, என்ன லும்னியே, உங்கண்ணன் இந்த வருஷம் ரொம்ப எளைச்சுட்டாரேன்னு. கடையில நின்ன அத்தன பொம்பளைங்களும் ரொட்டிய மொகத்துக்கு நேராப் புடிச்சுக்கிட்டாங்க, சிரிப்ப மறைக்க. நானும் விடல. ஆமாக்கா, ரெண்டு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலன்னேன். அங்க சிரிச்சுட்டு, வர்ற வழியில பாலத்துக்கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். சும்மாத்தான். ரொட்டி ஆறிப் போச்சு.

தாஃபினாவுக்குத்தான் சொல்லிப் புரிய வைக்கணும். பத்து நாளைக்கு அப்பாவ மாமான்னு கூப்பிடணும், இது ஒரு வெளையாட்டு, சரியாக் கூப்பிட்டா சாக்லேட், தப்பாக் கூப்பிட்டா அவுட்டுன்னு சொல்லி வச்சேன். அஞ்சு வயசுக் கொழந்த. நீங்க கார்லேருந்து எறங்கின ஒடனே அப்பான்னு கத்திக்கிட்டு ஓடிச்சு. மொத வார்த்தையிலயே அவுட்டு! அவரு கொஞ்சம்கூடத் தெணறல. பாவம், அப்பா மொகமே தெரியாத கொழந்த, எந்த ஆம்பளையப் பார்த்தாலும் அப்பாங்குதுன்னு உன்கிட்ட சொன்னாரு. நீ அங்கேயே மண்ணுல மண்டி போட்டு அவளக் கட்டிக்கிட்ட. அவ உன் தோளுக்கு மேல என்னப் பாக்குறா, சாக்லேட் உண்டா இல்லையான்னு.

ஆங் அத்தே! ஆச்சு! ஒரு கண்ணுதான் பாக்கி! பொண்ணழைக்கப் போற கார்லாம் வரட்டும், நாங்க மூணு மணிக்கு முன்னாடி எறங்கிடுவோம்! ...கேட்டியா, மேளக்காரங்க வந்துட்டாங்க. அடிக்கிற அடியில ஜன்னல் அதிருது. சரி, அந்தக் கண்ணு. கொஞ்சம் இப்படித் திரும்பு.

உனக்கு இந்தப் பக்கம் எண்ணி ஆறு முடிகூட இல்ல. மருந்து ஏத்தினப்பக் கொட்டினது திரும்பி வரவே இல்லையாம். தலைமுடி வந்துடுச்சு, இது வரல. ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்தேன், நெஜாத்துதான் சூப் வச்சு ஸ்பூனால ஊட்டினாருன்னு நீ சொன்ன அன்னிக்கு நான் கொடியில துணி போட்டுக்கிட்டிருந்தேன். அவருக்கு சூப் வைக்கத் தெரியும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

நேத்து கண்ணாடி முன்னாடி நீ உக்காந்து, வெறும் இமையில மை தடவி, தடவித் தொடச்சு, கண்ணெல்லாம் செவந்து போயிருந்துச்சு. என் பொண்ணு இருக்காளே, நேரா என் அலமாரியத் தொறந்து, சாக்ஸுக்குள்ள நான் ஒளிச்சு வச்சிருந்த பெட்டிய எடுத்து உன் மடியில வச்சுட்டா, இந்தா அம்மாவோட கம்பளிப்பூச்சின்னு. அத்தை பின்னாடியே நிக்கிறாங்க. குடுத்துடு, விருந்தாளின்னாங்க. அவ்வளவுதான், குடுத்துட்டேன்.

இது என்னோடது, ஹைக்கே. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வாங்கினது, அவரு தனியா வருவாருன்னு நெனச்சு. ப்ரிஷ்டினா டவுன்ல ஒரு பொண்ணு இன்ஸ்டாகிராம்ல விக்குது. மொகம் காட்டாது, ரெண்டு கண்ணு மட்டும்தான் போட்டோவுல. எத எழுதினாலும் என் உசுரேன்னுதான் ஆரம்பிக்கும். என் உசுரே, கடைசியா ஒரே பெட்டிதான் இருக்குன்னு நாலு வாரமா எழுதிச்சு. நாலு வாரமா அதே கடைசிப் பெட்டி. ஆனா என்ன யாரு உசுரேன்னு கூப்பிட்டா? வாங்கிட்டேன். மூணு பொறந்தநாள் கேக்கு செஞ்சு குடுத்த காசு.

எங்க ஊர்ல வீட்டுக்கு நம்பர் கெடையாது, கூரியர்க்காரன் பாலத்துக்கிட்ட நின்னு போன் பண்ணுவான். மாவுக் கையோட ஓடினேன். பணத்தக் கைல வச்சாத்தான் பெட்டி, பிரிச்சுப் பாக்க விட மாட்டான். உள்ள செங்கல்லு இருந்தாலும் நம்ம தலையெழுத்து. வீட்டுக்கு வந்தா அத்தை வாசல்லயே, என்னடி அதுன்னாங்க. பல்லு மருந்துன்னேன். நம்பிட்டாங்க. ஒண்ணரை வருஷமா எனக்குப் பல்லுதானே? செவ்வாய்க்கெழமை ஆனா ப்ரிஷ்டினாவுக்கு பஸ் ஏறிடுவேன். ஒனக்கென்னடி, வாயில முப்பத்திரண்டா அறுபத்திநாலான்னு அத்தை கேப்பாங்க. ஒரு கடவாய்ப் பல்லுக்கே இத்தன நாளாகுமான்னு மாமா கேப்பாரு. ஆமா மாமா, வேர் ஆழமாப் போயிருக்காம்னேன்.

ஒரே ஒரு தடவ ஒட்டிப் பார்த்தேன். குளிக்கிற ரூமத் தாப்பா போட்டுக்கிட்டு, தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு. கண்ணாடியில வேற எவளோ நின்னா. அவ யார்கிட்டயும் கேக்காம பஸ் ஏறிப் போயிடுற ஆளு மாதிரி இருந்தா. எனக்கே கொஞ்சம் பயமாப் போச்சு. கழட்டி, துடைச்சு, திரும்பப் பெட்டியில வச்சுட்டேன்.

கொழுந்தன் கல்யாணத்துல மூத்த மருமகதான் கைக்குட்டையச் சுழட்டிக்கிட்டு ஆட்டத்துக்கு மொத ஆளா நிப்பா. இன்னிக்கு அந்த எடத்துல நான் இதப் போட்டுக்கிட்டு நிக்கணும்னுதான் வாங்கினேன். இப்ப கைக்குட்டையும் உனக்கு, இமையும் உனக்கு. வலது காலு மொதல்ல, நேத்து காட்டினேன்ல? மறந்துட்டா என்னப் பாரு, நான் வரிசையில ஒனக்கு ரெண்டு பேரு தள்ளி இருப்பேன்.

ஒரு திமிர் புடிச்சவளா வந்திருக்கக் கூடாதா நீ? வந்த அன்னிக்கே கையச் சுருட்டிக்கிட்டுப் பாத்திரம் தேய்க்க வந்துட்ட. அத்தை மொழங்காலுக்குத் தைலம் வாங்கிட்டு வந்திருக்க. உன்ன வய்யலாம்னு ராத்திரி படுத்து வார்த்தை தேடுவேன், ஒண்ணும் கெடைக்காது, தூங்கிடுவேன்.

முப்பது. வச்சாச்சு. அழுத்துறேன். ம்ம்.

யார்கிட்டயாவது சொல்லிடலாம்னா, யார்கிட்ட சொல்றது? காகிதத்துல நான் இந்த வீட்டுக்கு யாரும் இல்ல. ஒன்கிட்ட வாயத் தொறந்தா அவரு சீட்டு போகும். சீட்டு போனா அவரு காசுல கட்டின இந்த மாடி, பெஸ்னிக்கோட கல்யாணம், மாமாவோட இருதய மாத்திரை, எல்லாம் போகும், எல்லாம் நான் பண்ணினதாத்தான் போகும். எங்கப்பா வீட்டுக்குப் போனா, தம்பி பொண்டாட்டி கதவ முழுசாத் தொறக்காமலே எத்தன நாளைக்குன்னு கேப்பா. அதனால பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். திங்கக்கெழம வரைக்கும்தானேன்னு. இன்னிக்குக் காலைல வரைக்கும்.

காலைல சாப்பிட எல்லாரும் உக்காந்திருந்தோம்ல? பொண்ணு வீட்டுக்குப் போற மாமனுங்க, அத்தைங்க, பதினாலு பேரு. நீ திடீர்னு முள்கரண்டியக் கீழ வச்ச. தாஃபினா கையப் புடிச்சுக்கிட்டு என்னப் பார்த்துப் பேசின. நெறைய நேரம் பேசின. கண்ணுல தண்ணி. எல்லாரும் நெஜாத்தத் திரும்பிப் பார்த்தாங்க, என்ன சொல்றான்னு. அவன் வாயத் தொடச்சுக்கிட்டு, அம்மா சுட்ட இந்தப் புரெக் ரொட்டி பிரமாதமா இருக்காம், அம்மா கைக்கு ஈடில்லையாம்னான். எல்லாரும் கை தட்டினாங்க. அத்தை மொகம் பூரிச்சு உன் தட்டுல இன்னொரு துண்டு போட்டாங்க. புரெக்குக்கு எவளாவது அழுவாளான்னு ஒருத்தருக்கும் தோணல. அத்தைக்குத் தோணவே தோணாது, அவங்க புரெக் மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ எழுந்து வந்து என்னக் கட்டிக்கிட்டு டாங்க, டாங்கன்னு நன்றி சொன்ன. நான் கையில டீக் கெட்டில வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு சொட்டு சிந்தல.

என்ன, ஃபெர்ட்டிக்கா? முடிஞ்சுதாங்கிறியா? இன்னும் இல்ல. கொஞ்சம் இரு.

பசை காய ஒரு நிமிஷம் போதும்னுதான் காகிதத்துல போட்டிருக்கு. நான் உன்னக் கால்மணி நேரமா கண்ண மூடி உக்கார வச்சிருக்கேன். நீயும் ஏன்னு கேக்காம உக்காந்திருக்க. அந்தக் காகிதத்த நான் படிச்சேன், ஹைக்கே. படம் பார்த்து இல்ல, எழுத்தப் படிச்சேன். எனக்கு ஒரு பல்லும் வலிச்சதில்ல. செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை ஒங்க பாஷைதான் படிச்சேன். ஹெட்போனக் காதுல மாட்டிக்கிட்டு மாடு கறக்கும்போது படிச்சேன், அதனால அந்த மாட்டுக்கும் கொஞ்சம் தெரியும். ரெண்டு பரீட்சை எழுதி ரெண்டுலயும் தேறிட்டேன். சர்ட்டிபிகேட்டு மாவு மூட்டைக்குப் பின்னாடி, கல்யாண போட்டோ சட்டத்துக்குள்ள இருக்கு. அவன் வந்ததும் இமையையும் ஒட்டிக்கிட்டு, ஒங்க பாஷையில வாங்கன்னு சொல்லி ஆளத் தூக்கி வாரிப் போட வைக்கணும்னு ஆசை.

நீ காலைல புரெக்கப் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசல. நீ சொன்னது வேற: எனக்கு இனிமே கொழந்த பொறக்காதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க, இந்த வீடு எனக்கு ஒரு பொண்ணக் குடுக்குது, திங்கக்கெழம நீ கையெழுத்துப் போட்டதும் தாஃபினா எங்க புள்ளையா எங்ககூட வந்துடுவா, அவளுக்கு ரூமு பெயிண்ட் அடிச்சாச்சு, மஞ்சக் கலர், நீ மனசாரச் சம்மதிச்சேன்னு நெஜாத் சொன்னப்ப நான் நம்பலன்ன. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. மஞ்சக் கலர்கூடப் புரிஞ்சுது.

கதவத் தாப்பா போட்டிருக்கேன். கீழ மேளம் அடிக்கிற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் கேக்காது. இவ்வளவு நேரம் எங்க பாஷையில ஒரு தடவ சொல்லிப் பார்த்தேன், கடைசி வரைக்கும் சொல்ல முடியுதான்னு. முடிஞ்சுது. இனிமே ஒன் பாஷையில. மெதுவாத்தான் வரும், தப்பும் வரும், நீ திருத்த வேணாம்.

இந்தா, தோளத் தட்டிட்டேன். கண்ணத் தொற. மெதுவா... ஆங். அம்மாடி, எவ்வளவு அழகா இருக்கு ஒனக்கு.

காகிதத்துல கடைசியா ஒண்ணு போட்டிருக்கு, அத மட்டும் மொதல்ல சொல்லிடறேன். ஒட்டினதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குத் தண்ணி படக் கூடாதாம். அதனால ரெண்டு பேரும் அழ வேணாம், என்ன?